உங்க ஆய்வுக் கட்டுரை பூட்டுக்குள்ள போன அனுபவம் உண்டா?

கடலோரத்தி:
மனசு ஆறல, அதான் எழுதுறேன். சிங்கி இறால்ல மூணு வருஷ வேலை. சாம்பிள் முழுக்க ஒரே மீன்பிடி வல்லத்துல இருந்து வாங்கினது. கட்டுரையை ஏத்துக்கிட்ட மறுநாளே மெயில்: எல்லாரும் படிக்கிற மாதிரி வரணும்னா 2,400 டாலர். என் ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) மாசம் ₹37,000. கைடு "படிக்கிறவங்க காசு கட்டுற மாதிரி சாதாரணமாவே போட்டுரும்மா"ன்னுட்டார்.

போன வாரம் அந்த வல்லக்கார அண்ணனோட மக போன் பண்ணினா. விலங்கியல் முதல் வருஷம். "அக்கா, அப்பா வல்லம் பேரு கட்டுரையோட நன்றிப் பகுதியில இருக்குன்னீங்களே, வீட்ல காட்டணும்." லிங்க் அனுப்பினேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் திருப்பி அனுப்பினா. சுருக்கம் மட்டும் தெரியுது, அதுக்குக் கீழ, முழுசாப் படிக்க 39.95 டாலர். பிறகு பிடிஎஃப் கொடுத்துட்டேன். அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் போன்லதான் இருக்கு.

மூணாம்பெஞ்ச்:
நான் காசு கட்டி ஓப்பன் ஆக்சஸ்ல, அதாவது யாரும் இலவசமாப் படிக்கிற மாதிரி, போட்டவன். ஜிபேல ₹3,000. ரெண்டே நாள்ல ஏத்துக்கிட்டாங்க, வேற நிபுணர்கள் படிச்சுச் சொல்ற ரிவியூன்னு ஒரு வரி வரல. அப்பல்லாம் தீசிஸ் கொடுக்கக் கட்டுரை கட்டாயம், யுஜிசியோட 2022 பிஎச்டி விதியிலதான அதை எடுத்தாங்க. வைவால (வாய்மொழித் தேர்வு) வெளித்தேர்வாளர் "அந்தக் கட்டுரையைக் கொஞ்சம் திறங்க"ன்னார். ப்ரொஜெக்டர் ஓடிட்டிருக்கு, டைப் அடிக்கிறேன், 'இந்த டொமைன் விற்பனைக்கு'ன்னு வருது. அப்பாவும் அம்மாவும் கடைசி வரிசையில. டிகிரி கிடைச்சுது. ஆனா ஓப்பன் ஆக்சஸ்னாலே இப்ப உதறுது.

பழைய நூலகர்:
தம்பி, பழியை ஓப்பன் ஆக்சஸ் மேல போடாதீங்க. உங்களை ஏமாத்தினது போலி இதழ். ரெண்டும் வேற. சரிபார்த்த ஓப்பன் ஆக்சஸ் இதழ்களோட பட்டியல், டிஓஏஜே, 2003ல இருந்து இருக்கு, அதுல தேடுங்க. கட்டுரைக்குக் காசு வாங்காத இதழ்களைத் தனியாப் பிரிச்சே காட்டும்.

கடலோரத்திம்மா, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ரிவியூ முடிஞ்சு திருத்தி அனுப்பினீங்களே கடைசி வேர்ட் ஃபைல், அதைப் பல்கலைக்கழகத்தோட இணையக் களஞ்சியத்துல ஏத்தப் பல பதிப்பகங்கள் விடும். சிலது உடனே, சிலது 12 மாசம், சிலது 24 மாசம் கழிச்சு. ஓப்பன் பாலிசி ஃபைண்டர்னு ஒரு தளம் (முன்னாடி ஷெர்பா ரோமியோ), அதுல இதழ் பேரைப் போட்டா விவரம் வரும். பதிப்பகம் வடிவமைச்ச பிடிஎஃபை மட்டும் ஏத்தாதீங்க. அடுத்த கட்டுரைக்கு, அனுப்புறதுக்கு முன்னாடியே கட்டணத்தைப் பாருங்க. இந்தியாவுக்குத் தானாக் கிடைக்கிற தள்ளுபடி அபூர்வம்.

என் கதை சின்னது. இந்திய ஆய்வேடுகளை யாரும் படிக்க வைக்கிற ஷோத்கங்கா தளத்துல தீசிஸ் ஏத்துறப்ப ஒரு பேராசிரியர் "திருடிருவானுங்க"ன்னு சிடியைக் கையை விட்டு விடல. கெஞ்சி வாங்கினேன். ரெண்டு வருஷம் கழிச்சு அவரே நூலகத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு மாணவர் நாலாவது அத்தியாயத்துல சந்தேகம் கேட்டு எழுதின மெயில், பிரிண்ட் எடுத்து சட்டைப் பையில மடிச்சு வச்சிருந்தார்.

லேப்வாசி:
அரசே இதழ்களுக்குச் சந்தா கட்டுற 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்தாச்சே. 30 பதிப்பகம், 13,000 இதழ் கிட்ட, ₹6,000 கோடி. இன்னும் எதுக்குப் பூட்டுப் புலம்பல்?

கடலோரத்தி:
@லேப்வாசி அது இப்போதைக்கு அரசு நிறுவனங்களுக்குத்தான். வல்லக்கார அண்ணன் மக படிக்கிறது சுயநிதிக் கல்லூரி. கல்லூரியே போகாத அவ அப்பா எந்தச் சந்தால படிப்பார்?

நூலகர் சார், வேர்ட் ஃபைல் பழைய லேப்டாப்ல கிடைச்சுது. இதழுக்கு 12 மாசம்னு காட்டுது, இன்னும் நாலு மாசம் இருக்கு. ஏத்துறப்ப முன்னாடி ஒரு பக்கம் சேர்த்து, வல்லத்தோட பேரை அதுல போட விடுவாங்களா?