கவுன்சில்கள் கூட்டாக எடுக்கும் சிறப்புப் பராமரிப்பு இடங்கள்: காலிப் படுக்கைக்கு யார் பணம் கட்டுவது?

குழுவினருக்கு வணக்கம். நான் இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) சிறுவர் நலப் பிரிவில் பணிபுரிகிறேன். சிக்கலான மனநல, நடத்தைத் தேவைகள் கொண்ட பிள்ளைகளுக்கான சிறப்பு இல்லங்களில் இடங்களை அண்டைக் கவுன்சில்கள் இரண்டுடன் சேர்ந்து ஒப்பந்தம் செய்வது பற்றிப் பேசி வருகிறோம்.

இயன்றவரை தன் எல்லைக்குள்ளேயே போதிய இடங்களை உறுதிசெய்யும் கடமையை 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் ஒவ்வொரு கவுன்சிலுக்கும் விதிக்கிறது. ஆனால் தனித்தனியே போய் ஒரே இல்லத்தின் கதவைத் தட்டும்போது இல்லத்தை நடத்துபவர் சொல்வதுதான் விலை. சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் பிரிட்டனின் போட்டி, சந்தை ஆணையத்தின் (CMA) 2022 அறிக்கையும் பேரம் பேசுவதில் கவுன்சில்களுக்குள்ள இந்த வலுக்குறைவைப் பற்றிக் கவலைப்பட்டது.

சேர்வதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. சிக்கல் காலியிடச் செலவில்தான். நான்கு படுக்கை உள்ள இல்லத்தில், ஏற்கெனவே தங்கியிருக்கும் ஒரு பிள்ளையின் பாதுகாப்புக்காக ஒரு படுக்கையை வேண்டுமென்றே காலியாக விட நேர்ந்தால், அந்தப் படுக்கையின் வாரக் கட்டணத்தை அப்பிள்ளையை அனுப்பிய கவுன்சில் ஏற்பதா, மூவரும் சமமாகப் பங்கிடுவதா, சென்ற ஆண்டின் பயன்பாட்டு விகிதப்படி பிரிப்பதா? முதல் வழி, கடினமான பிள்ளைகளை அனுப்பவே தயங்க வைக்கும் என்பது என் எண்ணம்.

கிரேட்டர் மான்செஸ்டரின் 10 கவுன்சில்களோ தென்கிழக்கு இங்கிலாந்தின் கவுன்சில்களோ முன்னெடுத்துள்ள வட்டாரப் பராமரிப்புக் கூட்டுறவில் (பல கவுன்சில்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கான இடங்களைத் திட்டமிட்டு ஒப்பந்தம் செய்யும் அமைப்பில்) பணியாற்றுவோர் இங்கிருந்தால், இது தொடர்பான ஒப்பந்த விதிகளை எவ்வாறு எழுதினீர்கள் என்று பகிர இயலுமா? பிள்ளைகளின் விவரங்களைத் தயவுசெய்து குறிப்பிட வேண்டாம்.