தக்காளிச் சீட்டில் மிஞ்சிய 18 ரூபாய்

பாலக்கோட்டுக்காரன்:
இரண்டு வருஷம் ஆகியும் அந்த ஒரு நாள் மனசை விட்டுப் போகவில்லை. முக்கால் ஏக்கர் தக்காளி, ரேட் படுத்துக் கிடந்த நேரம். 42 பெட்டி, பெட்டி 60 ரூபாய். மண்டிச் சீட்டில் 2,520. கமிஷன் 252, வண்டி வாடகை 840, இறக்குகூலி 210 போகக் கையில் 1,218. பறித்த நாலு பேருக்குத் தலைக்கு 300. மிச்சம் 18 ரூபாய். நாற்று, மருந்து, குச்சி, கயிறு எதுவும் இதில் சேரவில்லை. சாயங்காலம் வரப்பில் வைத்துக் கூலி கொடுத்தபோது, பறிக்க வந்த ஒரு அக்கா சீட்டை எட்டிப் பார்த்தார். தன் 300-லிருந்து 50 ரூபாயை என் கையில் வைத்து, "ரேட் வந்தா குடு தம்பி" என்றார். விரலெல்லாம் தக்காளிச் செடியின் பச்சைக் கறை. நான் வாங்கிக்கொண்டேன்.

போச்சம்பள்ளிப் பக்கம்:
எங்களுக்கு மா. பெங்களூரா ரகக் காய் என்றால் கூழ் ஃபேக்டரியைத்தான் நம்ப வேண்டும். 2025 சீசனில் ஃபேக்டரி வாசலில் டிராக்டரோடு ஒரு ராத்திரி, மறுநாள் பகல். விடிந்து பார்த்தால் அடிக்காய் நசுங்கி, பலகை இடுக்கில் சாறு சொட்டுகிறது, கீழே சாரை சாரையாக எறும்பு. கிலோ 5 ரூபாய். மரத்திலேயே விட்டிருக்கலாம் என்றார் அப்பா.

பென்னாகரம்:
முதலில் எழுதியவர் கோபப்பட வேண்டாம். இருக்கிற நிலம் மொத்தத்தையும் தக்காளிக்கே விட்டது தப்பு. 2023 ஜூலையில் கிலோ 100-ஐத் தாண்டியதைப் பார்த்து எல்லோரும் நட்டார்கள். நான் ராகி போட்டேன். களத்தில் வியாபாரி கேட்டது கிலோ 30, அரசு கொள்முதலில் 2024-25க்குக் குவிண்டால் 4,290. என் கணக்கு இதுதான். நீங்கள் முதலில் தாலுகா ஆபீஸில் சிறு குறு விவசாயி சான்று வாங்குங்கள். 5 ஏக்கருக்குள் என்றால் சொட்டுநீருக்கு முழு மானியம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் எடுத்துத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. மண்டியில் முன்பணம் வாங்கினால் ரேட் பேச வாய் இருக்காது. பிஎம் கிசானில் வருஷம் 6,000 வருகிறது, அதை நாற்றுக்கு ஒதுக்குங்கள். இரண்டு கறவை மாடு இல்லாமல் சின்னக் காட்டில் வீட்டுச்செலவு ஓடாது. அப்புறம், வீட்டு ஆட்களின் கூலியையும் நோட்டில் எழுதுங்கள்.

பாலக்கோட்டுக்காரன்:
அண்ணா, சொன்னதெல்லாம் சரி. ஆனால் அத்தனையும் பட்டா வைத்திருப்பவருக்கு. என்னுடையது வாய்ப்பேச்சுக் குத்தகை. ராகியை அரசு கொள்முதலுக்குக் கொண்டுபோனாலும் சிட்டா, அடங்கல் என்று நிலக் காகிதம் கேட்பார்கள். ராகியில் வருவது குத்தகைக்கே காணாது.

ரேட் ஏறின மாசம் அந்த 50-ஐக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.