நீக்கும்போது கோப்புகள் விடுபடுகின்றன: வழி சொல்லுங்கள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக் கணக்கேடுகளின் படங்களைச் சேமிக்க, சேலத்தில் ஒரு கோப்பு முறைமையை சி மொழியில் எழுதி வருகிறேன். உபுண்டு 22.04 லினக்ஸ், சொந்தக் கோப்பு முறைமை எழுத உதவும் லிப்ஃபியூஸ் 3 நூலகம்.

சிறிய கோப்புறைகளில் சிக்கலே இல்லை. பெரியவற்றில், பட்டியலைப் படித்தபடியே கோப்புகளை நீக்கினால் சில பெயர்கள் வருவதே இல்லை; கடைசியில் கோப்புறை காலியாக இல்லை என்ற பிழை. சென்ற மாதம் பட்டியலைத் துண்டு துண்டாக அனுப்பத் தொடங்கியதிலிருந்து இந்தத் தொல்லை.

கெர்னலின் (இயங்குதள மையத்தின்) தற்காலிகச் சேமிப்பை அணைத்துப் பார்த்தேன், பலனில்லை. நிரல் கெர்னலை அழைப்பதைக் காட்டும் எஸ்டிரேஸ் கருவியில் பார்த்தால், கோப்புறைப் பட்டியலைப் படிக்கும் கெட்டென்ட்ஸ்64 அழைப்பிலேயே அந்தப் பெயர்கள் இல்லை. அதே கோப்புகளை லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 உள்ள வட்டில் வைத்தால் எல்லாம் ஒழுங்காக நீங்குகின்றன.

பட்டியலை அடுத்து எங்கிருந்து தொடர்வது என்று காட்டும் என் ஆஃப்செட் வெறும் வரிசை எண். ஒன்றை நீக்கியதும் அடுத்தவை முன்னே நகர்வதுதான் காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன். எக்ஸ்ட்4 இதற்குப் பெயரின் ஹாஷ் மதிப்பை (பெயரிலிருந்து கணக்கிடும் எண்ணை) பயன்படுத்துகிறது. ஆனால் இரண்டு பெயர்களுக்கு ஒரே ஹாஷ் வந்துவிட்டால்?

வட்டிலுள்ள அமைப்பை மாற்றாமல், நீக்கத்துக்குப் பிறகும் மாறாத ஆஃப்செட்டை ஒவ்வொரு கோப்புக்கும் எப்படித் தருவது?