ஹிட் ரேட் ஏறியும் லைன் ஏன் திணறியது?

பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் 2008 வாக்கில் லேப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன், கல்லூரி முழுவதற்கும் அது ஒன்றுதான். ஓரமாகக் கிடந்த ஒரு பழைய மெஷினில் ஸ்க்விட் போட்டேன். நடுவில் நின்று, ஒருவர் இறக்கியதைத் தன் கேச்சில் சேர்த்துவைத்து அடுத்தவருக்கு அங்கிருந்தே கொடுக்கும் ப்ராக்ஸி மென்பொருள் அது; அப்படிக் கொடுப்பதுதான் ஹிட். ஒரு மாதம் கழித்து முதல்வர் கூப்பிட்டு, "எவ்வளவு மிச்சம் தம்பி?" என்றார். "40 சதவீதம் சார்" என்றேன், பெருமையாக.

"அப்புறம் ஏன் சாயங்காலம் ஆனா ஒரு பக்கம்கூடத் திறக்க மாட்டேங்குது?"

நான் பார்த்தது ரிக்வெஸ்ட் ஹிட் ரேஷியோ, அதாவது கேட்டவற்றில் எத்தனை சதவீதம் கேச்சிலிருந்து போனது என்ற எண்ணிக்கை. போன டேட்டா அளவில் எத்தனை சதவீதம் என்று சொல்லும் பைட் ஹிட் ரேஷியோ அதற்கு அடுத்த வரியிலேயே இருந்தது; அது பத்தைக்கூடத் தொடவில்லை. நூறு பேர் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் வீட்டுப் பானை போதும். அடுத்து வருகிறவர் ஒரு லாரித் தண்ணீர் கேட்டால்? லோகோ, பட்டன், ஸ்டைல்ஷீட் எல்லாம் டம்ளர் கணக்கு. ஹாஸ்டல் பையன்கள் இறக்கிய சர்வீஸ் பேக்கும் லினக்ஸ் ஐஎஸ்ஓவும் லாரி. ஸ்க்விட்டோ, நாம் மாற்றாவிட்டால் 4 எம்பிக்கு மேல் உள்ள எதையும் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளாது. ஒரே ஐஎஸ்ஓவைப் பத்துப் பேர் இறக்கினால் பத்து தடவையும் வெளியிலிருந்துதான் வந்தது.

அந்த வரம்பை 700 எம்பிக்கு ஏற்றினேன். இடம் நிறைந்தால் எதைத் தூக்கிப் போடுவது என்ற கொள்கையையும் எல்ஆர்யூவிலிருந்து (ரொம்ப நாளாக யாரும் கேட்காததைத் தூக்குவது) எல்எஃப்யூடிஏவுக்கு (பெரிசோ சின்னதோ, அடிக்கடி கேட்பதை வைத்துக்கொள்வது) மாற்றினேன். பைட் கணக்கு ஏறவேண்டுமென்றால் அதுதான் தோது. சின்னச் சின்ன ஃபைல்களை நிறைய வைத்து ரிக்வெஸ்ட் கணக்கை ஏற்ற ஜிடிஎஸ்எஃப் என்று இன்னொரு கொள்கை. லைன் மூச்சு விட்டது. ஆனால் அடுத்த மாத ரிப்போர்ட்டில் 40 என்பது 33 ஆகியிருந்தது. "குறைஞ்சிருக்கே, என்ன தம்பி கெடுத்து வெச்சே?" விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. அதற்கடுத்த மாதம் ரிப்போர்ட்டிலிருந்து அந்த ரிக்வெஸ்ட் சதவீத வரியையே எடுத்துவிட்டேன்.

பதில் 1:
அண்ணா, நம்ம கதை அம்பத்தூர் எஸ்டேட்டில். காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தால் கடைசி ஐந்து நிமிட ஹிட் கணக்கு 90 சதவீதத்துக்கு மேல்! ஆபீஸில் நானும் வாட்ச்மேனும் மட்டும். நானே எழுதிய மானிட்டர் ஸ்கிரிப்ட் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று, லாக்கில் டிசிபி நெகட்டிவ் ஹிட் என்று வருவதும் ஹிட் கணக்கில்தான் சேரும். அதாவது "அந்தப் பக்கம் இல்லை" என்ற 404 பதிலைக் கேச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தது! பழைய 2.x ஸ்க்விட் அதை இயல்பாகவே ஐந்து நிமிடம் வைத்திருக்கும். ரெஃப்ரெஷ் அன்மாடிஃபைட் என்பதும் ஹிட்தான், ஆனால் "மாறியிருக்கிறதா?" என்று மூல சர்வரிடம் ஒரு நடை போய்க் கேட்டுவிட்டுத்தான் வரும். பைட் மிச்சம், நேரம் மிச்சமில்லை.

பதில் 2:
அண்ணா பல்கலைக்கழக ரிசல்ட் நாளில் பார்த்ததுண்டா? பேனர் படம் எல்லோருக்கும் ஒன்று, அது ஹிட். மதிப்பெண் பக்கம் ஆளுக்கு ஆள் வேறு. பையன்கள் காத்திருப்பதோ அதற்கு.

பதில் 3:
எங்கள் கிண்டி ஆபீஸில் எல்லா சைட்டும் எச்டிடிபிஎஸ் (பூட்டிய இணைப்பு) ஆனதிலிருந்து லாக் முழுக்க கனெக்ட் வரிதான், அதாவது இந்த சைட்டுக்கு வழி விடு என்ற கோரிக்கை மட்டும். உள்ளே என்ன போகிறது என்றே தெரியாதபோது எதைச் சேமிப்பது? "ப்ராக்ஸி ரிப்பேரா?" என்று மேனேஜர் மெயில் போட்டார். இப்போது ப்ராக்ஸி யாருக்கு எந்த சைட் அனுமதி என்று பார்க்க மட்டும். கேச் டிஸ்க்கைக் கழற்றி பேக்கப் மெஷினில் மாட்டிவிட்டேன்.