ஒரே வரைபடத்தில் பள்ளமும் வெள்ளமும் குற்றமும்: லெனேசியாவுக்கு இது தேவையா?

நிலஅளவையர் (லெனேசியா):
தென்னாப்பிரிக்காவின் ஜொகானஸ்பர்க்குக்குத் தெற்கே இருக்கும் எங்கள் லெனேசியாவின் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சென்ற வாரம் நான் வைத்த முன்மொழிவுக்குப் பாதிப் பேர் தலையசைத்தார்கள். மீதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அங்கே முழுமையாகச் சொல்ல நேரம் கிடைக்காததால் இங்கே எழுதுகிறேன். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோள்கள் 2014 முதல் ரேடார் படங்களை எடுத்து, யார் கேட்டாலும் இலவசமாகத் தருகின்றன. ஒரு செயற்கைக்கோள் 12 நாள்களுக்கு ஒருமுறை அதே பாதையில் நம் தலைக்கு மேல் திரும்பி வருகிறது. வெவ்வேறு நாள்களில் தரையில் பட்டுத் திரும்பிய அலைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால், பல ஆண்டுத் தொடரில், ஒரு கூரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் இறங்கியிருப்பதைக்கூடக் கண்டுபிடிக்கலாம். லெனேசியாவின் சில பகுதிகளுக்கு அடியில், நீரில் மெல்லக் கரைந்து குடைவு விழும் டோலமைட் பாறை இருப்பது இங்கே வீடு கட்டிய எவருக்கும் புதிய செய்தி அல்ல. ஆகவே நிலம் தாழும் இடங்கள் ஓர் அடுக்கு, வெள்ளம் ஏறும் இடங்கள் ஓர் அடுக்கு, காவல்துறை காலாண்டுதோறும் வெளியிடும் குற்ற எண்ணிக்கை ஓர் அடுக்கு என ஒரே வரைபடமாகச் செய்து, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்கலாம் என்பதே என் யோசனை. மென்பொருளுக்குச் செலவில்லை, ஒரு நல்ல கணினியும் என் மாலை நேரங்களும் போதும்.

துளைக்கருவி (கார்ல்டன்வில்):
தம்பி, உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஜொகானஸ்பர்க்குக்கு மேற்கே உள்ள தங்கச் சுரங்க வட்டாரமான மேற்கு ராண்டில் துளையிடும் குழுக்களோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிலம் மெல்லத் தாழ்வதும் நிலம் திடீரென வாய் திறப்பதும் ஒன்றல்ல. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, நெடுங்காலமாக டோலமைட்டைக் கரைத்துக் குடைந்து வைத்திருக்கிறது. அந்தக் குடைவுக்கு மேலே உள்ள மண், வளைவு போலத் தன்னைத் தானே தாங்கிக்கொண்டு நிற்கும். அடிப்பக்கத்தில் மண் பிடிபிடியாக உதிர்ந்து குடைவுக்குள் போய்க்கொண்டிருந்தாலும் மேலே ஒரு புல் அசையாமல் இருக்கலாம். வளைவு தாங்காத அன்று எல்லாம் ஒன்றாகப் போகும். 1962 டிசம்பரில் வெஸ்ட் டிரிஃபோன்டெய்ன் சுரங்கத்தின் கல் உடைக்கும் ஆலை 29 உயிர்களோடு உள்ளே போனது. 1964இல் பிளைவூருயிட்சிக்ட் சுரங்கக் குடியிருப்பில் ஒரு வீட்டோடு ஐந்து பேர் போனார்கள். சுரங்கங்களை உலர வைப்பதற்காக நிலத்தடி நீரை இறைத்ததே அந்த வட்டாரத்துப் பள்ளங்களுக்கு வழி திறந்தது. இப்போது நீங்கள் பாதுகாப்பானது என்று பச்சை வண்ணம் பூசும் தெருவில் நாளை ஒரு வீடு போனால், பச்சையை நம்பிப் படுத்தவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

நிலஅளவையர் (லெனேசியா):
ஐயா, எந்த முன்னறிகுறியும் இராது என்று பொதுவாக முடிவு கட்டிவிட முடியாது. 2012இல் அமெரிக்காவின் லூசியானாவில் பேயூ கோர்ன் என்னும் இடத்தில் பெரும் பள்ளம் விழுந்தது. நாசா விமானத்தில் பொருத்திய ரேடார் அதற்கு முன்பே எடுத்திருந்த படங்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, பள்ளம் விழுவதற்கு ஒரு மாதத்திற்கும் முன்பே அங்கே நிலம் பக்கவாட்டில் 26 சென்டிமீட்டர் வரை நகர்ந்திருந்தது தெரிந்தது. மேலும், இன்று குடியிருப்புகளில் விழும் பள்ளங்களுக்குப் பெரும்பாலும் காரணம் சுரங்கம் அல்ல, கசியும் குழாய். தண்ணீர்க் குழாயோ கழிவுநீர்க் குழாயோ மாதக்கணக்கில் கசிந்து மண்ணை அடித்துச் செல்கிறது. எந்தத் தெருக் குழாயை முதலில் தோண்டிப் பார்ப்பது என்று தெரியாமல் தவிக்கும் ஊரில், இறங்கும் கூரைகளின் பட்டியல் ஒரு தொடக்கமாகவாவது உதவாதா?

துளைக்கருவி (கார்ல்டன்வில்):
பேயூ கோர்ன் உப்புப் பாறையில் மனிதர் வெட்டிய குகை சரிந்த கதை. அதன் அளவு வேறு, அங்கே பறந்த ரேடார் வேறு, அதையும் பள்ளம் விழுந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தார்கள். நம் கையில் இருக்கும் சென்டினல் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 5 மீட்டருக்கு 20 மீட்டர். முற்றத்தில் மூன்று மீட்டர் அகலத்தில் தொடங்கும் தாழ்வு அதற்குள்ளேயே மறைந்துவிடும். அதன் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர், அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே, இரு படங்களுக்கு நடுவில், அதில் கால் பங்கான 1.4 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு வந்தால் கணக்கு குழம்பும். அதாவது, நிலம் விரைந்து இறங்கத் தொடங்கும் அந்த முக்கியமான வாரத்தில்தான் உங்கள் கருவி தடுமாறும். புல்வெளியும் மரமும் உள்ள இடத்தில் அலைகள் ஒன்றோடொன்று பொருந்தா. கோடை மழைக் காலத்து ஈரக் காற்று அலையைத் தாமதப்படுத்தி, நகராத நிலத்தை நகர்ந்ததாகக் காட்டும். முதலில் புவியீர்ப்பு எங்கே சற்றுக் குறைகிறது என்று அளந்து அடர்த்தி குறைந்த இடங்களைக் கண்டுபிடித்து, பிறகு அங்கே துளையிட்டு, துளைத்தண்டு எந்த ஆழத்தில் சட்டென்று விழுகிறது, துளைக்குள் செலுத்தும் காற்று எங்கே தொலைகிறது என்று பார்ப்பதே எனக்குத் தெரிந்த வழி. அது செலவு பிடிக்கும் வழி என்பதை நான் மறுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை (ஜொகானஸ்பர்க்):
பாறையைப் பற்றி எனக்குத் தெரியாது. காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்ப்பது என் தொழில் என்பதால் மூன்றாவது அடுக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கார் திருட்டுப் போனால் காப்பீட்டுப் பணத்துக்குக் காவல் நிலைய வழக்கு எண் வேண்டும். ஆகவே காப்பீடு உள்ளவர் கட்டாயம் போய்ப் புகார் கொடுப்பார். டாக்சி நிறுத்தத்தில் கைப்பேசியைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அந்த எண்ணால் பயன் ஒன்றும் இல்லை. அவர் வீட்டுக்குப் போய்விடுவார். இந்த இரண்டையும் ஒரே வண்ணத்தில் தீட்டினால் வரைபடம் காட்டுவது குற்றத்தை அல்ல, யாரிடம் காப்பீடு இருக்கிறது என்பதை. போதைப்பொருள் வழக்கும் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கும் இன்னும் விசித்திரம்: காவலர்கள் அதிகமாகச் சுற்றினால் அந்த எண் ஏறும், சுற்றாவிட்டால் இறங்கும். காவல்துறையே இவற்றைப் பொதுமக்கள் புகாரால் பதிவாகும் குற்றங்களிலிருந்து பிரித்து வெளியிடுகிறது. மேலும் வெளியாகும் எண் காவல் நிலையத்துக்கு ஒன்றுதான், தெருவுக்கு ஒன்றல்ல. பரந்த எல்லை முழுவதையும் ஒரே சிவப்பாகத் தீட்டினால், அமைதியான தெருவும் சிவப்பாகும். எல்லைக் கோட்டைச் சற்று நகர்த்தினால், குற்றம் எதுவும் கூடாமல் குறையாமல் வண்ணம் மட்டும் மாறும். நிலம் தாழும் அடுக்கில் பிழை வந்தால் அது இயந்திரத்தின் பிழை. இங்கே பிழை எண்ணை எழுதும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது.

டோங்காட் ஆசிரியை:
துளைக்கருவி ஐயாவோடு நான் ஒரு விஷயத்தில் முரண்படுகிறேன். முழுமையாக நம்ப முடியாத வரைபடம் இருக்கவே கூடாது என்றால், 2022 ஏப்ரலில் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் எங்களுக்கு நேர்ந்ததை என்னவென்று சொல்வது? டர்பன் பகுதியில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, மாதக்கணக்கில் வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம். பெரியா (Berea) எனப்படும் செம்மண் சரிவுகளில் வீடுகள் சரிந்தன. அந்தச் சரிவுகள் எவை என்பது உயர வரைபடத்திலும் மண் வரைபடத்திலும் முன்பே இருந்த விஷயம். அங்கே குடியிருந்தவர்களின் கைக்குத்தான் அது வரவில்லை. செயற்கைக்கோள் ரேடாரைக் கொண்டு நகர வெள்ளத்தைப் பிடிப்பது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தேங்கிய நீர் அலையை வேறு பக்கம் தெறிக்கவிட்டுக் கருப்பாகத் தெரியும், ஆனால் சுவர்களுக்கு நடுவே அந்தக் கருப்பு கலைந்துபோகும். செயற்கைக்கோள் வரும் நாளில் வெள்ளம் வடிந்தும் இருக்கும். ஆகவே சரிவும் வடிகாலும் உள்ள வரைபடம் திறந்தே இருக்க வேண்டும்.

குற்ற அடுக்கு வேண்டாம். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டமும் ஒரு வரைபடத்தின் மேல் வண்ணம் தீட்டித்தான் நடத்தப்பட்டது. அந்த வண்ணம்தான் எங்கள் தாத்தாவை டர்பனின் மேகசின் பேரக்ஸிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கும், உங்களில் பலருடைய குடும்பத்தைப் பேஜ்வியூவிலிருந்து லெனேசியாவுக்கும் அனுப்பியது. மக்களுக்கு வண்ணம் பூசும் வரைபடத்தை நாமே ஏன் வரைந்து கொடுக்க வேண்டும்?

நிலஅளவையர் (லெனேசியா):
குற்ற அடுக்கை எடுத்துவிடுகிறேன். கணக்குப்பிள்ளை அவர்கள் சொன்ன வழக்கு எண் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆசிரியை சொன்னதைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். பச்சை வண்ணத்தையும் எடுத்துவிடுகிறேன்: தாழ்வதாகத் தெரியும் இடத்துக்கு மட்டும் குறி, அலை பொருந்தாத இடத்துக்குச் சாம்பல், மற்ற இடம் வெள்ளை, வெள்ளை என்றால் பாதுகாப்பு என்று பொருள் அல்ல என்ற குறிப்போடு. ஆனால் நிலத் தாழ்வு அடுக்கை முழுமையாகக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. துளையிடப் பணம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? வீட்டு விலை விழும் என்று கூட்டத்தில் எழுந்து போனவர்களுக்கும் இதே கேள்வி.

துளைக்கருவி (கார்ல்டன்வில்):
வெள்ளைக்கும் சாம்பலுக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் வெறும் ரேடார் புள்ளியை வெளியிடாதீர்கள். கடந்த பத்து ஆண்டுகளில் எந்தத் தெருவில் எந்தத் தேதியில் குழாய் உடைந்தது என்பதை வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். ரசீதும் புகார் எண்ணும் எப்படியும் சிலரிடம் இருக்கும். உங்கள் புள்ளியும் அந்தத் தேதியும் ஒரே இடத்தில் கூடினால், அங்கே துளையிடச் சொல்லி மாநகராட்சிக்கு எழுதும் கடிதத்தில் நானும் கையெழுத்திடுகிறேன். விரிசல் உள்ள சுவர் ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, மேலே தேதியை எழுதச் சொல்லுங்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். 12 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. என் வீட்டுப் பின்சுவரில் ஒட்டிய துண்டு நான்கு ஆண்டுகளாக முழுதாக இருக்கிறது, அடுத்த வீட்டில் ஒட்டியது போன ஜனவரியில் உடைந்தது. இரண்டு வீட்டையும் முதலில் உங்கள் கணினியில் பார்த்து, என்ன தெரிகிறது என்று இங்கே எழுதுங்கள்.