ஐம்பத்து நான்கு ஆண்டு மாரத்தான்: நடந்தது எவ்வளவு, கூட்டிச் சொன்னது எவ்வளவு?

ஓட்டப்பயிற்சியாளர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பள்ளி மாணவர்களுக்கு நெடுந்தூர ஓட்டம் பயிற்றுவித்து வருகிறேன். பயிற்சி முடிந்து கால்களைத் தளர்த்தும் நேரத்தில், விளையாட்டு வரலாற்றிலிருந்து வியப்பான நிகழ்ச்சி ஒன்றைச் சொல்வது என் வழக்கம். சென்ற வாரம் ஜப்பானிய வீரர் ஷிசோ கனகுரியைப் பற்றிச் சொன்னேன். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் பாதி வழியில் காணாமற்போனவர், சுவீடன் காவல்துறை அரை நூற்றாண்டு தேடியும் அகப்படாதவர், 1967-இல் திரும்பி வந்து அதே ஓட்டத்தை முடித்தவர் என்று, நான் படித்தது படித்தபடியே சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், அவர் 1920 ஒலிம்பிக்கிலும் ஓடியிருக்கிறாரே, அப்புறம் எப்படித் தேடியிருப்பார்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இந்தக் கதையில் எது மெய், எது பிறகு ஏறிய சதை என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். இதைப் போலவே, கேட்டால் நம்ப முடியாததாகவும் ஆராய்ந்தால் தக்க காரணம் உள்ளதாகவும் இருக்கும் வேறு நிகழ்ச்சிகள் தெரிந்தால் அவற்றையும் எழுதுங்கள். மாணவர்கள் காரணம் கேட்கும் பருவத்தில் இருக்கிறார்கள்.

நெடுந்தூரம்:

உங்கள் மாணவி கேட்ட கேள்வி மிகச் சரியானது, ஐயா. கனகுரி 1920-இல் ஆன்ட்வெர்ப்பில் ஓடிப் பதினாறாம் இடம் பெற்றார்; 1924-இல் பாரிஸிலும் களமிறங்கினார். ஜப்பானின் புகழ்பெற்ற ஹகோனே தொடர் ஓட்டம் 1920-இல் தொடங்கியதற்கும் அவரே முதன்மைக் காரணம். இப்படி ஊரறிய வாழ்ந்த ஒருவரை எந்தக் காவல்துறையும் ஐம்பது ஆண்டுகள் தேடியிருக்க முடியாது. அந்தப் பகுதியைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

மெய்யாக நடந்ததே போதுமான அளவு வியப்பானது. கப்பலிலும் சைபீரிய ரயிலிலுமாகப் பதினெட்டு நாள் பயணம் செய்து அவர் ஸ்டாக்ஹோம் சேர்ந்தார். உடன் வந்த பயிற்சியாளர் காசநோயால் படுத்த படுக்கையாக இருந்தார். ஓட்டம் நடந்த ஜூலை 14 அன்று, அந்த நாட்டில் எவரும் எதிர்பாராத வெயில் அடித்தது. புறப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓட்டத்தை முடிக்கவில்லை. போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ வழியில் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். கனகுரியும் பாதி வழியைத் தாண்டிய பிறகு வெயிலில் தளர்ந்து, சோலன்டூனா என்னும் இடத்தில் சாலையோர வீடு ஒன்றின் தோட்டத்துக்குள் நுழைந்தார். அந்த வீட்டார் அவருக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். சற்றுத் தேறியதும், ஓட்டத்தை முடிக்காத வெட்கத்தில், போட்டி அலுவலர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நகரத்துக்குத் திரும்பிவிட்டார். புறப்பட்ட கணக்கில் அவர் பெயர் இருந்தது; முடித்த கணக்கிலும் இல்லை, விலகிய கணக்கிலும் இல்லை. "காணாமற்போனவர்" என்ற பேச்சு பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

1967-இல், அந்த ஒலிம்பிக்கின் 55-ஆம் ஆண்டை ஒட்டிச் சுவீடன் ஒலிம்பிக் குழுவினர் அவரை அழைத்தார்கள். எழுபத்தைந்து வயதில், மார்ச் 20 அன்று, அவர் எல்லைக்கோட்டைக் கடந்தார். அறிவிக்கப்பட்ட நேரம்: 54 ஆண்டுகள், 8 மாதங்கள், 6 நாட்கள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி. நெடும்பயணமாக இருந்தது என்றும், இதற்கிடையில் திருமணம் முடித்து ஆறு பிள்ளைகளையும் பத்துப் பேரப்பிள்ளைகளையும் பெற்றுவிட்டதாகவும் அவர் சொன்னார். அந்தப் பத்தில் ஒரு விநாடிக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிடும். அழைத்தவர்கள் அவரை வேடிக்கைப் பொருளாக்கவில்லை. ஓட்டக்காரனுக்குரிய மரியாதையோடு கடிகாரத்தை நிறுத்தினார்கள்.

நடுக்களம்:

காரணம் கேட்கும் மாணவர்களுக்கு 1994 ஜனவரி 27 அன்று நடந்த பார்படாஸ் – கிரெனடா கால்பந்து ஆட்டத்தைச் சொல்லுங்கள். கரீபியக் கோப்பைத் தகுதிச் சுற்று அது. எந்த ஆட்டமும் சமனில் முடியக் கூடாது, கூடுதல் நேரத்தில் முதலில் விழும் கோலே ஆட்டத்தை முடிக்கும், அந்த ஒரு கோல் இரண்டு கோலாக எண்ணப்படும் என்பவை விதிகள். அடுத்த சுற்றுக்குப் போகப் பார்படாஸ் இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். கிரெனடாவுக்கு ஒரு கோலில் தோற்றாலும் போதும்.

பார்படாஸ் 2–0 என்று முன்னிலையில் இருந்தது. 83-ஆம் நிமிடத்தில் கிரெனடா ஒரு கோல் போட்டது. இனி மீதி நிமிடங்களில், கூடித் தடுக்கும் எதிரணியைத் தாண்டி மூன்றாவது கோல் போடுவது அரிது. ஆனால் ஆட்டம் சமனானால் கூடுதல் நேரம் கிடைக்கும்; அதில் ஒரு கோல் போட்டால் இரண்டாகிவிடும். எனவே 87-ஆம் நிமிடத்தில் பார்படாஸின் தடுப்பாட்டக்காரரும் கோல்காப்பாளரும் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டே வந்து, தங்கள் வலைக்குள்ளேயே அடித்தார்கள். தெரிந்தே போட்ட சேம் சைடு கோல் அது. 2–2.

கிரெனடா உடனே கணக்கைப் புரிந்துகொண்டது. அந்த அணி எந்தப் பக்கம் ஒரு கோல் விழச் செய்தாலும் போதும்: எதிர் வலையில் விழுந்தால் 3–2 வெற்றி, தன் வலையில் விழுந்தால் 3–2 தோல்வி, இரண்டிலும் தகுதி உறுதி. ஆகவே கடைசி நிமிடங்களில் கிரெனடா இரு பக்க வலைகளையும் தாக்கியது. பார்படாஸ் இரு பக்க வலைகளையும் காத்தது. தரையில் படம் வரைந்து காட்டினால் மாணவர்களுக்கு இது நொடியில் விளங்கும். கூடுதல் நேரத்தில் பார்படாஸ் கோல் போட்டு, 4–2 என்ற கணக்கில் முன்னேறியது. இதை ஏமாற்று என்று சொல்வாருண்டு. நான் அதை ஏற்க மாட்டேன். இரு அணிகளும் தங்களுக்குத் தரப்பட்ட விதிக்குள் நேர்மையாகவே ஆடின, பிழை முழுவதும் அந்த விதியை எழுதியவர்களுடையது.

மூன்றாம் நடுவர்:

கிரிக்கெட்டிலிருந்து ஒன்று. 1939 மார்ச் 3 அன்று டர்பனில் தொடங்கிய தென்னாப்பிரிக்கா – இங்கிலாந்து டெஸ்டுக்குக் கால வரம்பே கிடையாது. முடிவு தெரியும்வரை ஆட வேண்டும் என்பது ஏற்பாடு. மழையால் ஒரு நாள் முழுவதும் போக, ஒன்பது நாட்கள் ஆடினார்கள். 696 ரன் இலக்கைத் துரத்திய இங்கிலாந்து, 5 விக்கெட்டுக்கு 654 எடுத்து, இன்னும் 42 ரன்களே தேவை என்ற நிலையில், மார்ச் 14 அன்று மழை மீண்டும் குறுக்கிட ஆட்டத்தை விட்டுவிட்டது. கேப் டவுனில் புறப்படவிருந்த கப்பலைப் பிடிக்க அவர்கள் அன்றே ரயில் ஏற வேண்டியிருந்தது. முடிவு வந்தே தீர வேண்டும் என்று வகுத்த ஆட்டம் டிராவில் நின்றது. அதன்பின் காலவரையற்ற டெஸ்ட் எதுவும் ஆடப்படவில்லை. டெஸ்ட் வரலாற்றில் நான்காவது இன்னிங்ஸில் எடுக்கப்பட்ட மிக அதிகமான ரன் இன்றும் அந்த 654-தான்.

ஓட்டப்பயிற்சியாளர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாளை முதல் வேலையாக அந்த மாணவியிடம், "நீ சொன்னதே சரி" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுவேன். இன்னொரு ஐயம். 1904 செயின்ட் லூயிஸ் மாரத்தானில் காரில் ஏறி வந்து வென்றவர் ஒருவர் உண்டு என்கிறார்களே, அதுவும் இப்படிச் சதை ஏறிய கதைதானா?

நெடுந்தூரம்:

இல்லை, அது நடந்ததுதான். பிரெட் லோர்ஸ் என்பவர் தசைப்பிடிப்பால் நின்று, ஏறத்தாழப் பதினேழு கிலோமீட்டர் காரில் வந்து, கார் பழுதானதும் இறங்கி ஓடி அரங்கத்துக்குள் முதலாவதாக நுழைந்தார். உண்மை வெளிப்பட்டதும் விளையாட்டாகச் செய்ததாகச் சொன்னார். தடை விதிக்கப்பட்டு, பின்னர் அது நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பாஸ்டன் மாரத்தானை அவர் முறையாக ஓடி வென்றார் என்பதைப் பெரும்பாலோர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் ஓட்டம் பயிற்றுவிக்கும் உங்களுக்கு, லோர்ஸைவிட உண்மையில் வென்ற தாமஸ் ஹிக்ஸின் நிலைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கடும் வெயில், கார்கள் கிளப்பிய புழுதி, வழி நெடுக மிகக் குறைந்த தண்ணீர். நீர் குறைந்தால் உடல் என்ன ஆகும் என்று பார்க்க விரும்பிய போட்டி அமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவன் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. ஹிக்ஸ் தண்ணீர் கேட்டபோது அவருடன் வந்தவர்கள் வாயைத் துடைத்து மட்டும் விட்டார்கள். பிறகு ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சைச் சிறிதளவு, முட்டை வெள்ளைக்கருவோடு ஊக்கமருந்தாகக் கொடுத்தார்கள். அக்காலத்தில் அதற்குத் தடை இல்லை. 32 பேர் புறப்பட்டு 14 பேரே முடித்த அந்த ஓட்டத்தை, அவர் பிறர் தாங்கிப் பிடிக்க 3 மணி 28 நிமிடம் 53 விநாடியில் முடித்தார். இதைச் சொல்லும் நாளில், மாணவர்கள் கையில் தண்ணீர்க் குப்பியைக் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.