12 வயது மகனுக்கு முட்டி எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் நார் அறுந்துவிட்டது: இப்போதே அறுவையா, காத்திருப்பதா?

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகன் ஆறாம் ஆண்டு படிக்கிறான். மார்ச் மாதம் தோட்டத்துத் திடலில் காற்பந்து ஆடும்போது சட்டென்று திரும்பியதில் முட்டியில் 'டக்' என்று சத்தம் கேட்டதாம். வீட்டுக்கு வருவதற்குள் நல்ல வீக்கம்.

முதலில் எண்ணெய் போட்டு உருவிவிட்டோம். செய்திருக்கக் கூடாது, இப்போது தெரிகிறது. அப்புறம் கிளினிக்கில் எக்ஸ்ரே. எலும்பு முறியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மே மாதம் ஈப்போவில் எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் ஏசிஎல் முழுதாக அறுந்தது தெரிந்தது. முட்டிக்குள் மெத்தை போல் இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பு தப்பியிருக்கிறது. மூன்று மாதம் பிசியோ, பிரேஸ் எல்லாம் ஆயிற்று. தொடை தேறிவிட்டது, ஆனால் முட்டி இன்னும் நழுவுகிறது. பள்ளிப் படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்து இறங்குகிறான்.

கை எக்ஸ்ரேயில் எலும்பு வயதும் 12தான்; வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளமாக வளரும் முனைப்பகுதி) திறந்தே இருக்கிறது, அதாவது இன்னும் வளர்கிறான். புது நார் பொருத்த அதன் வழியே துளையிட்டால் கால் கோணலாகலாம், நீளம் மாறலாம், வளர்ந்து முடியட்டும் என்கிறார் ஒரு டாக்டர். நழுவ நழுவ மெனிஸ்கஸ் கிழியும், தொடையின் வெளிப்பக்கப் பட்டையை எடுத்துத் தட்டைத் துளைக்காமலே ஏசிஎல்லுக்குப் பதிலாகக் கட்டலாம் என்கிறார் இன்னொருவர். இரண்டுமே நியாயமாகப் படுவதுதான் என் சிக்கல்.

இந்தத் துளையிடாத அறுவையை மலேசியாவில் தங்கள் பிள்ளைக்குச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எந்த மருத்துவமனையில்?